உடன் வந்தவர் என்ற கட்டம்

தீர்த்தம்மாள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். கணவன் மாதவராஜ் இறந்த பதினாறாம் நாள் பங்காளிகள் வந்து வரப்பில் நின்றபோது, இரண்டே கால் ஏக்கரில் ஒரு சாண்கூட விடாமல் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வயதில், ஊரே நின்று வேடிக்கை பார்க்க, மொபெட் ஓட்டக் கற்றாள். மூன்றாம் வாரமே அதன் பின்னால் மூன்று பிளாஸ்டிக் கிரேடுப் பெட்டி நிறையத் தக்காளியைக் கட்டி மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோட்டு மண்டிக்குக் கொண்டுபோனாள். மண்டியில் ஏலம் விடுகிறவர், ஆள் செத்து வருடக்கணக்கான பிறகும் "மாதவராஜ் வூட்டுப் பழம்" என்றே கூவிக்கொண்டிருந்தார். அதை "தீர்த்தம்மா பழம்" என்று மாற்ற வைக்க இரண்டு வருடம் ஆயிற்று, வைத்தாள். மகள் பிரியதர்ஷினியை நர்சிங் படிக்க வைத்து ஓசூரில் வேலைக்கு அனுப்பினாள்.

இவை ஊர் ஒப்புக்கொள்கிற வெற்றிகள். ஊர் ஒப்புக்கொள்ளாத, கேட்டால் வாயைப் பொத்திச் சிரிக்கிற வெற்றி ஒன்று உண்டு. நாகப்பட்டினத்தில் ஒரு லாட்ஜில், ஒரு நாளைக்கு, ஓர் அறை. இங்கே சொல்லப்போவது அதைப் பற்றி.

கடல் அவளுக்குப் புதிதல்ல. அதுதான் அவளுடைய கோபமே. ஐந்து தடவை கடற்கரைக்குப் போயிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊரில் பச்சியப்பன் என்பவர் டூரிஸ்ட் பஸ் பிடிப்பார். ஒன்பது கோயில், கடைசியில் அரை மணி நேரம் கடல். பச்சியப்பன் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். பஸ் கடற்கரையில் நின்றதும் எல்லாரும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்.

"தீர்த்தம்மா, நீதான் நம்பிக்கையான ஆளு. பையெல்லாம் பாத்துக்க."

நாற்பது ஜோடிச் செருப்பு, கைப்பைகள், தண்ணீர் பாட்டில்கள், ஒரு தடவை யாரோ கழற்றிக் கொடுத்த பல்செட்டு. நடுவில் உட்கார்ந்து அவள் காவல் காப்பாள். ஆண்கள் குளித்து, பெண்கள் புடவை நனைந்து, பிள்ளைகள் மணல் அப்பிக்கொண்டு திரும்பி வரும்போது விசில் ஊதிவிடும். 2019-இல் ஐந்தாவது தடவை, பைகளை ஒரு கிழவரிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து பத்தடி நடந்தாள். விசில் ஊதியது. தண்ணீர் இன்னும் முப்பது அடி தள்ளி இருந்தது. அவள் திரும்பி வந்து பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை; கேட்கவும் இல்லை.

2024 மார்ச்சில் பழைய தக்காளிச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நிலத்தை ஆறப் போட்டிருந்தாள். புதுநாற்று நட இரண்டு வாரம் இருந்தது. அண்ணன் கிருஷ்ணப்பனிடம் போய்ச் சொன்னாள்.

"ண்ணா, செவ்வாய்க்கெழம நாகப்பட்டணம் போறேன். ஒரு நா தங்கிட்டு வர்றேன்."

"யாரு கூட?"

"நான் போறேன்."

"அது சரி, யாரு கூட?"

கிருஷ்ணப்பன் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ரேஷன் கடையில் எடை போடுகிறவர். கிராம் சுத்தமான மனிதர். அவர் போட்ட எடையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. தங்கையைவிட நான்கு வயது மூத்தவர். அம்மா கூலிக்குப் போனபோது ஆட்டைப் பார்க்க ஒரு பிள்ளை வீட்டில் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்புப் பாதியில் நின்றது தீர்த்தம்மாள். அவர் தொடர்ந்து போனார். அது அவருக்கு மறந்ததே இல்லை. மறக்காததை அவர் காட்டிய விதம்தான் தப்பு: அவளுக்காக எல்லாத் தாளிலும் தானே கையெழுத்துப் போட்டார். பத்திரத்தில் சாட்சி அவர். வங்கியில் அவள் கட்டைவிரலை மையில் அழுத்தியபோது பக்கத்தில் நின்றவர் அவர். "கைநாட்டுதான் தீர்த்தா பாதுகாப்பு. கையெழுத்துன்னா எவனாச்சும் காப்பி அடிச்சிருவான்" என்று அவளுக்குச் சொன்னதும் அவர்தான்.

"எதுக்குப் போற?" என்று கேட்டார்.

"கடல் பாக்க."

"அதான் அஞ்சு வாட்டி பாத்தியே?"

"அஞ்சு வாட்டி செருப்பு பாத்தேன்."

அவர் திங்கட்கிழமை ஆதார் ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவளிடம் கொடுத்தார். "கேட்டா இந்தக் கவர அப்படியே குடுத்துரு" என்றார். அவளும் பையில் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து பத்துக்கு மாரண்டஹள்ளியில் டவுன் பஸ். பாலக்கோடு, தர்மபுரி, சேலம், திருச்சி, நாகப்பட்டினம். வழி நெடுக ஒரே கேள்வி. கண்டக்டர் கேட்டார், கூட யாரு என்று. சேலத்தில் இட்லிக் கடைக்காரர் இரண்டு இலை போட்டுவிட்டு, கூட வந்தவர் எங்கே என்றார். திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"தனியாவா? பயமா இல்லீங்களா?"

"யாருக்குங்க?"

அந்தப் பெண்மணி கரூர் வரை யோசித்தாள்.

தீர்த்தம்மாள் எண்ணிக்கொண்டே வந்தாள். நாகப்பட்டினம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது கேள்வி பதினான்கு ஆகியிருந்தது. அவள் அறிய, தனியாக வந்த ஓர் ஆணிடம் யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. காற்றில் உப்பும் கருவாடும் வீசியது. மணி நான்கு பத்து. வெளிச்சம் இருக்கும்போதே அறையைப் போட்டு, பையை வைத்துப் பூட்டிவிட்டு, கையை வீசிக்கொண்டு கடலுக்குப் போக வேண்டும். காவல் காக்க ஒரு சாமான்கூட இருக்கக் கூடாது. அதற்குத்தான் அறை. அறை கிடைக்காவிட்டால் பையைக் கட்டிக்கொண்டு மறுபடியும் மணலில் உட்கார வேண்டியதுதான், ஆறாவது தடவை.

முதல் லாட்ஜில் இருந்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தார், யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், "ரூம் இல்லம்மா" என்றார். அவர் தலைக்கு மேலே பலகையில் பதினொரு சாவி தொங்கியது. தீர்த்தம்மாள் விரலை நீட்டி எண்ணிக் காட்டினாள்.

"அதெல்லாம் புக்காயிருச்சு."

"பதினொண்ணுமா?"

"ஆமாம்மா."

வெளியே வந்து வாசலில் சற்று நின்றாள். ஒரு கணவனும் மனைவியும் உள்ளே போனார்கள். பலகையில் ஒரு சாவி குறைந்தது.

இரண்டாவது லாட்ஜில் இருந்தவர் நல்ல மனிதர் மாதிரி பேசினார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா?"

"இல்லீங்க."

"கோயிலுக்கா? வேளாங்கண்ணி வேண்டுதலா?"

"கடல் பாக்கறதுக்குங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி எழுத முடியாதும்மா. வேண்டுதல்னு சொல்லுங்க, போட்டுத் தர்றேன். ஒரு வார்த்ததானே? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் நான்கரை மணிக்கு அறை கிடைத்திருக்கும். தீர்த்தம்மாளுக்கு உச்சந்தலை சுட்டது. "வேண்டுதல்னு சொல்லித்தாங்க அஞ்சு தடவ வந்தேன். இந்த வாட்டி எனக்கு எந்த வேண்டுதலும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மூன்றாவது லாட்ஜின் மேலாளர் பெயர் குமார். ஐம்பது வயது இருக்கும். மேசை மேல் நீளமான பதிவேடு திறந்து கிடந்தது. பெயர், வயது, ஊர், வந்த நோக்கம், கையொப்பம், உடன் வந்தவர் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. அவள் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் போடறதில்ல. அதுலயும் கடல் பாக்கணும்னு சொல்றீங்க. வீட்டுல எதாவது சண்டையா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா போலீசு எங்க கழுத்தத்தான் புடிக்கும்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"சாவ வந்திருக்கேன்னு நெனைக்கறீங்களா?"

"அப்படிச் சொல்லலம்மா..."

"சாவறதுக்கு எதுக்குங்க பதினோரு மணி நேரம் பஸ்ஸுல வரணும்? எங்கூட்டுக் கெணறு சொட்டுத் தண்ணியில்லாம அறுபதடி ஆழம் கெடக்குது. காலைல எந்திரிச்சு ரெண்டு எட்டு வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும்."

பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆதார் கேட்டார். இந்த மட்டும் இறங்கி வந்தாரே என்று தீர்த்தம்மாள் அண்ணன் கொடுத்த உறையை எடுத்து அப்படியே நீட்டினாள். அதிலிருந்து ஜெராக்ஸோடு நான்காக மடித்த ஒரு வெள்ளைத் தாளும் வந்தது. குமார் பிரித்துப் படித்தார். முகம் தெளிந்தது.

"இத மொதல்லயே குடுத்திருக்கலாமேம்மா!" கையை உயர்த்திப் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"என்னங்க அது?"

"உங்க அண்ணன் லெட்டர்."

"படிங்க."

அவர் படித்தார். "உயர்திரு மேலாளர் அவர்களுக்கு. ஐயா, இக்கடிதம் கொண்டுவரும் தீர்த்தம்மாள், வயது நாற்பத்தேழு, எனது உடன்பிறந்த தங்கை ஆவார். நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர். எனது முழுச் சம்மதத்தின் பேரில் கடலைப் பார்வையிட வருகிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் தங்க இடம் தந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, கிருஷ்ணப்பன்." கீழே கையெழுத்து, தேதி, இரண்டு கைபேசி எண்கள்.

சாவி மேசை மேல் கிடந்தது. எட்டி எடுத்தால் முடிந்தது. தீர்த்தம்மாள் அதைத் தொடவில்லை.

"இவ்வளவு நேரம் நான் பேசுனேன். வயசு சொன்னேன், ஊரு சொன்னேன், எதுக்கு வந்தேன்னு சொன்னேன். ஒண்ணும் செல்லல. இங்க இல்லாத மனுசன் ஒரு காயிதம் எழுதுனதும் சாவி எறங்கி வருது." அவள் குரல் உயர்ந்தது. "காயிதத்துக்குத்தான் ரூமுன்னா காயிதத்தையே கூட்டிட்டுப் போய்ப் படுக்க வையுங்க. காத்தாடி போட்டு விடுங்க, போர்வ குடுங்க. எனக்கு வேண்டாம்."

"என்னம்மா நீங்க, ரூம் குடுத்தாலும் சண்ட போடறீங்க!"

அவள் கைபேசியை எடுத்தாள். அண்ணனின் படத்தைத் தொட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். அந்த நேரம் கிருஷ்ணப்பன் கடையில் இருந்தார். எதிரே ஆறு பேர் பையோடு நின்றார்கள்.

"ண்ணா, கவர்ல என்ன வெச்ச?"

"அதுவா... ஒரு சேஃப்டிக்குத்தான் தீர்த்தா. ரூம் குடுத்தாங்களா?"

"காயிதத்துக்குக் குடுத்தாங்க. எனக்குக் குடுக்கல."

"எப்படியோ ஆவட்டும் வுடு, நீ மொதல்ல சாவிய வாங்கி..."

"எனக்கு எழுதத் தெரியாதுன்னு எழுதியிருக்கற."

"தெரியாதில்ல?"

"என் கிரேடெல்லாம் செவப்புப் பெயிண்டுல பேரு இருக்குதே. அத யாரு எழுதுனதுன்னு நெனச்ச?"

"நம்ம பிரியா எழுதுனதுன்னு..."

"பிரியா அப்ப காலேஜி ஹாஸ்டல்ல இருந்தா. ரேஷன் கார்டு என் பேருக்கு வந்துச்சே, அதப் பாத்துப் பாத்து நானே எழுதுனேன். நூத்தியெட்டு கிரேடு. ஆறு வருசமா அந்தக் கிரேடத் தூக்கி எறக்கற. தராசுல பத்து கிராம் கொறஞ்சா கண்டுபுடிக்கற ஆளு நீ. இத ஒரு நா எங்கிட்டக் கேட்டியா?"

கைபேசியில் தராசு மேசையின் சத்தம் கேட்டது, யாரோ "சக்கர இருக்குதாண்ணா?" என்று கேட்டார்கள்.

குமார் பொறுமை இழந்து முன்னால் குனிந்தார். "சார், லாட்ஜ் மேனேஜர் பேசறேன். பிரச்சனையே வேண்டாம். நீங்க வாயால ஒரு தடவ சரின்னு சொல்லிடுங்க, போட்டுடறேன்."

"ண்ணா," என்றாள் தீர்த்தம்மாள், "சரின்னு மட்டும் சொல்லிப் பாரு. நான் பஸ் ஸ்டாண்டுல படுத்துக்குவேன். திரும்பி வந்து உன் வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

அவள் அப்படிச் செய்யக் கூடியவள் என்று கிருஷ்ணப்பனுக்குத் தெரியும். சரி என்று சொன்னால் தங்கை பத்திரமாக ஓர் அறைக்குள் இருப்பாள். சொல்லாவிட்டால் தெரியாத ஊரில் தெருவில் நிற்பாள். நாற்பது வருடமாக அவர் எடை போட்டது இந்த இரண்டில் ஒன்றைத்தான், முள் எப்போதும் ஒரு பக்கமே சாய்ந்தது.

"மேனேஜர் சார்," என்றார். "அந்தக் கடுதாசி நான் எழுதுனதுதானுங்க. எழுதுனது தப்பு. அதக் கிழிச்சுப் போட்டுருங்க. எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. அங்க நிக்கறாளே, அவளுக்கு நாப்பத்தேழு வயசு. அவகிட்டக் கேளுங்க."

இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் போட்ட சர்க்கரையைத் திரும்ப நிறுக்க வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது முதல் தடவை.

குமார் கடிதத்தைக் கிழிக்கவில்லை. சாவியைத் திரும்பப் பலகையில் மாட்டினார். "அப்ப வேற லாட்ஜ் பாருங்கம்மா."

அப்போது மருந்துக் கம்பெனிப் பையோடு ஓர் இளைஞர் உள்ளே வந்தார். ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்தார், பதிவேட்டில் கிறுக்கினார், சாவியை வாங்கினார். இரண்டு நிமிடம் ஆகவில்லை. தீர்த்தம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, கூட யாரு வந்திருக்காங்க?"

"யாருமில்லீங்களே. நான் மட்டும்தான்."

"வூட்டுல கடுதாசி வாங்கிட்டு வந்தீங்களா?"

"என்ன கடுதாசி?"

"கடல்ல போயி வுழுந்துடமாட்டீங்களே? வூட்டுல ஒண்ணும் சண்டையில்லையே?"

இளைஞர் குமாரைப் பார்த்தார். குமார் பதிவேட்டைப் பார்த்தார்.

மண்டியில் தீர்த்தம்மாள் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு முறை உண்டு. அவள் கிரேடை ஒரு வியாபாரி காலால் ஒதுக்கினால், என்ன குறை என்று பத்துப் பேர் காதில் விழ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெடிப்பா, புழுவா, நசுங்கலா. சொல்லும் வரை அவள் கிரேடை நகர்த்தமாட்டாள். பின்னால் எத்தனை வண்டி வரிசையில் நின்றாலும் சரி. முதல் வருடம் அவளைப் பைத்தியம் என்றார்கள். அப்புறம் காரணமில்லாமல் யாரும் அவள் கிரேடைத் தள்ளுவதில்லை.

பையை மேசை மேல் தூக்கி வைத்தாள். பதிவேட்டின் மேலேயே வைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க. இந்தத் தம்பிக்குச் சாவி குடுத்தீங்க. எனக்கு இல்லைங்கறீங்க. எங்கிட்ட என்ன கொறைன்னு சத்தமாச் சொல்லுங்க. ஆதார் இருக்குது. வாடக முன்னாடியே தர்றேன். வேற என்ன? வெடிப்பா? புழுவா? வாயத் தொறந்து சொல்லிட்டீங்கன்னா போயிடறேன்."

இதற்குள் வாசலில் இன்னொரு குடும்பம் பெட்டிகளோடு வந்து நின்றுவிட்டது. துடைப்பக்காரப் பெண் சுவரில் சாய்ந்துகொண்டாள். குமார் வாயைத் திறந்தார். மனதில் இருந்த காரணம் எதுவாக இருந்தாலும், அந்தக் குடும்பத்தின் முன்னால், அந்தப் பிள்ளைகளின் முன்னால், சொல்லக் கூடியதாக இல்லை. மூடினார்.

"என்கிட்ட எதுவுமே கேக்கலையே சார் நீங்க," என்றார் இளைஞர். "அவங்க கேக்கறது நாயம்தானே?"

"சத்தமாச் சொல்லுங்க சார்," என்றாள் துடைப்பக்காரப் பெண். "எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

மின்விசிறி சுற்றியது. மணி ஐந்தே கால். குமார் அவள் பையை இரண்டு கையாலும் தூக்கிப் பக்கத்தில் வைத்தார், சாவியை எடுத்தார், பதிவேட்டைத் திருப்பினார்.

அன்று மாலையும் மறுநாள் காலையும் அவள் கடலில் இருந்த நேரத்தைப் பற்றிக் கேட்டால் அதிகம் சொல்லமாட்டாள். இடுப்பளவு நின்றதாகவும், அலை ஒவ்வொன்றும் காலடி மண்ணை உருவிக்கொண்டு போனதாகவும், உப்பு இவ்வளவு உப்பாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று கோபம் வந்ததாகவும் சொன்னாள். செருப்பைக் கரையில் விட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறாள். ஒரு செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மாரண்டஹள்ளியில் வெறுங்காலோடு இறங்கினாள். பஸ் நிறுத்தத்தில் பச்சியப்பன் நின்றிருந்தார்.

"என்ன தீர்த்தம்மா, செருப்ப யாரும் பாத்துக்கலையா?"

"விசிலு இருந்தா குடுங்க, ஊதி நாயக் கூப்புடறேன்."

கிருஷ்ணப்பனோடு அவள் பதினெட்டு நாள் பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் அவர் வங்கியிலிருந்து ஒரு படிவம் வாங்கிக்கொண்டு வந்தார். கைநாட்டுக் கணக்கைக் கையெழுத்துக் கணக்காக மாற்றுகிற படிவம். நிரப்பாமல் கொண்டுவந்தார். சாட்சி என்ற இடத்திலும் அவர் தன் பெயரை எழுதவில்லை. அவள் வாங்கிக்கொண்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

ஆனால் முதல் கையெழுத்து அந்தப் படிவத்தில் போட்டது இல்லை. அது அந்த லாட்ஜ் பதிவேட்டில் இருக்கிறது. பழக்கதோஷத்தில் குமார் மை அட்டையைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தியிருந்தார், எழுதத் தெரியாது என்று கடிதத்தில்தான் இருந்ததே. அவள் அதை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தாள். பேனா அவள் கைக்குப் புதிது. கிரேடில் எழுதிய பிரஷ்ஷைப் பிடிப்பது போலவே மேலே தள்ளிப் பிடித்தாள். கிரேடில் எழுதும் அளவுக்கே எழுதினாள். முதல் எழுத்தே கையொப்பக் கட்டத்தை நிறைத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. பெயர் கோட்டைத் தாண்டி, "உடன் வந்தவர்" என்ற கட்டத்துக்குள் ஏறி, அதை முழுக்க அடைத்துக்கொண்டு, தாளின் ஓரத்தில் போய் முடிந்தது. குமார் பக்கத்தில் தேதி போடச் சொன்னார். அதையும் அவளே போட்டாள்.

5.3.2024, செவ்வாய்க்கிழமை.